ஆர்தர் சி. கிளார்க் இலங்கையை ஏன் தெற்கே நகர்த்தினார்?

குறிஞ்சிவாசன்:
ஆர்தர் சி. கிளார்க் 1979-இல் வெளியிட்ட 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலை அண்மையில் படித்து முடித்தேன். இலங்கையை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி நிலநடுக்கோட்டின் மேல் வைத்ததையும், சிவனொளிபாதமலையை இரு மடங்கு உயர்த்திச் சிகிரியாவுக்கு அருகே கொண்டுவந்ததையும் பின்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். கதையின் மையமான, தரையிலிருந்து விண்வெளிவரை ஏறிச்செல்லும் விண்வெளி மின்தூக்கிக்கு நிலநடுக்கோடுதான் வேண்டுமென்றால், அது ஊடறுத்துச் செல்லும் சுமாத்திராவையே கதைக்களமாக்கியிருக்கலாமே? நானும் ஓர் அறிவியல் புனைகதை எழுதிவருவதால், அவர் மனத்தில் முதலில் வந்தது கருத்தா, இடமா என்பதை அறிய விரும்புகிறேன்.

கொட்டியாரம்:
இடம்தான் என்பது என் கணிப்பு. கிளார்க் 1956-இல் இங்கு குடியேறி, 2008-இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். அவரை இழுத்துவந்தது விண்வெளி அன்று, கடல். திருகோணமலையில் கோணேசர் மலையடிவாரத்தில் நீருக்குள் இறங்கி, போர்த்துக்கேயர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களைக் கண்டு எழுதியவர் அவர். நாவலுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய கண் இந்தத் தீவின் இடிபாடுகளில் பழகியிருந்தது.

பழைய பாறைக்கோட்டையான சிகிரியாவுக்குப் போனவர்கள் பாறையடித் தோட்டத்தில் சிறு துளைகளிட்ட வட்டமான சுண்ணாம்புக்கல் பலகைகளைப் பார்த்திருப்பார்கள். மழைக்காலத்தில், 1500 ஆண்டுகள் கழித்தும், அந்தத் துளைகளிலிருந்து நீர் மேலெழும். நாவலின் தலைப்பில் உள்ள நீரூற்றுகளுக்கு மூலம் அவைதாம். தந்தையைக் கொன்று அரியணை ஏறி, சகோதரன் முகலனுக்கு அஞ்சிப் பாறையுச்சியில் அரண்மனை எழுப்பிய காசியப்பனே கதையில் காளிதாசன் என்ற அரசனாகிறான். வானத்தை எட்டத் துடித்த அந்த அரசன் முன்னே நிற்பதால்தான், மின்தூக்கிக் கோபுரம் கட்ட வரும் பொறியாளர் மார்கனின் செருக்கு நமக்கு உறைக்கிறது. சுமாத்திராவில் இந்தக் காசியப்பனுக்கு எங்கே போவது?

விசைமானி:
பொறியியல் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். புவியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள்கள் செய்தித்தொடர்புக்குப் பயன்படும் என்பதைக் கிளார்க் 1945 அக்டோபரிலேயே 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதிவிட்டார். அப்படி நிற்க, நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரம் வேண்டும். அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு கம்பியை இறக்கி, அதன் எடைக்கு ஈடாக மேல்நோக்கியும் நீட்டினால் அதுவே மின்தூக்கி. இதை ரஷ்யப் பொறியாளர் யூரி அர்த்சுதானோவ் 1960-இலும், அமெரிக்கரான ஜெரோம் பியர்சன் 1975-இலும் விரிவாக விளக்கியிருந்தனர்.

நிலநடுக்கோடு சரியான வட்டமன்று; ஆகையால் அத்தகைய செயற்கைக்கோள்கள் மெல்ல நகரும். அவை நிலைகொள்ளக்கூடிய இரண்டு இடங்களுள் ஒன்று கிழக்கு நெடுங்கோடு 75 பாகைக்கு அருகில், மாலத்தீவுப் பக்கம் இருக்கிறது. இலங்கை அதற்குச் சில பாகைகளே கிழக்கே உள்ளது. சுமாத்திராவோ இருபது பாகைக்கு மேல் தள்ளியிருப்பதோடு, எரிமலையும் நிலநடுக்கமும் மிகுந்த தீவு. அங்கே அடித்தளம் போட நான் கையெழுத்திட மாட்டேன்.

பழைய வாசகன்:
அதே 1979-இல் சார்லஸ் ஷெஃபீல்டும் விண்வெளி மின்தூக்கியை வைத்து ஒரு நாவல் வெளியிட்டார். அதிலும் பாலம் கட்டிப் புகழ்பெற்ற பொறியாளரே நாயகர். 'ஸ்பைடர்' என்ற கருவி இரண்டு நாவல்களிலும் வருகிறது. யாரும் களவு என்று பேசிவிடக் கூடாதென்று, இது தற்செயலே எனக் கிளார்க் ஒரு திறந்த மடல் எழுதினார். மின்தூக்கி இருவருக்கும் பொதுச்சொத்தாக இருந்தது. வண்ணத்துப்பூச்சிகள் கிளார்க்கிடம் மட்டுமே இருந்தன.

சிவனொளிபாதமலைக்குச் சிங்களத்தில் 'சமனலகந்த', அதாவது வண்ணத்துப்பூச்சி மலை, என்றும் பெயர் உண்டு. நாவலில் மின்தூக்கி அமைய வேண்டிய அந்த மலையுச்சியிலிருக்கும் துறவிகள் இடத்தை விட்டுத்தர மறுக்கிறார்கள். பொன்னிற வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை எட்டும் நாளில் அவர்கள் வெளியேற வேண்டும் என்பது ஐதீகம். வானிலைச் சோதனை ஒன்றில் கிளம்பும் புயல் அவற்றை அங்கே கொண்டு சேர்த்துவிடுகிறது. நாவலின் பெரிய முடிச்சு, நீதிமன்றத்தாலோ இயந்திரத்தாலோ அல்லாமல், மலையின் பெயரிலிருந்தே அவிழ்கிறது.

குறிஞ்சிவாசன்:
மூவருக்கும் நன்றி. என் கதையில் மூன்று அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. இயந்திரத்தின் ஒவ்வொரு திருகாணியும் விளக்கப்பட்டிருக்கிறது, அது நிற்கும் ஊருக்கு மட்டும் இன்னும் பெயர் வைக்கவில்லை. வண்ணத்துப்பூச்சிப் பகுதியை மறுபடியும் படித்துவிட்டு, முதல் அத்தியாயத்திலிருந்து திருத்தத் தொடங்குகிறேன்.