மொரீஷியஸில் லாவல் சாமியார் கல்லறைக்கு நடந்து போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கோரமண்டலிலிருந்து:

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். வேளாங்கண்ணிக்குப் போகிற ரோட்டோரம்தான் வீடு. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன்பே காவி கட்டிய கூட்டம் நடக்க ஆரம்பித்துவிடும். அம்மா வாசலில் அண்டா நிறைய நீர்மோர் வைப்பார். ஊற்றிக் கொடுப்பது என் வேலை. அத்தனை வருடம் ஊற்றினேனே தவிர, ஒரு தடவைகூட நடந்ததில்லை.

2016-இல் மொரீஷியஸ் வந்தேன். தையல் வேலை. குடியிருப்பு கோரமண்டலில். (பெயரைப் பார்த்தீர்களா? நம் சோழமண்டலம்தான், வெள்ளைக்காரன் வாயில் இப்படி ஆகிவிட்டது.) இங்கே எல்லாரும் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து வந்த மொழி. முதல் வருடம் எனக்குத் தெரிந்த கிரியோல் எல்லாம் சூப்பர்வைசர் கற்றுக்கொடுத்ததுதான். "வித், வித்!" என்றால் சீக்கிரம். "தோ பே தொர்மி?" என்றால் தூங்குறியா? "தோ" என்றால் நீ. அதற்கு மரியாதையான ஒரு சொல் இருப்பதே எனக்குத் தெரியாது.

2017 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. ஊரில் மாதா பிறந்தநாள் திருவிழா. போனில் அம்மா பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டது. ரூமில் படுக்க மனமில்லை. கூட இருந்த ராமநாதபுரத்து அண்ணன், "இங்கேயும் இன்னிக்கு ராத்திரி லாவல் சாமியார் கல்லறைக்கு நடக்குறாங்கடா, வர்றியா?" என்றார். அப்படித்தான் கிளம்பினேன், செருப்புக் காலோடு.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் அசந்துபோனேன். தொப்பி போட்ட பையன்கள், கைக்குழந்தையோடு பெண்கள், செபமாலை உருட்டுகிறவர்கள், சும்மா அரட்டை அடித்துக்கொண்டு போகிறவர்கள். எல்லாரும் போர்ட் லூயி தாண்டி சேந்த் குருவா கோயிலுக்குப் போகிறார்கள். அண்ணன் நடந்துகொண்டே கதை சொன்னார். லாவல், பிரான்சில் நார்மண்டிக்காரர், 1803-இல் பிறந்தவர். முதலில் டாக்டர். நல்ல உடுப்பு, குதிரைச் சவாரி என்று ஆசையாக வாழ்ந்தவர். ஒருநாள் குதிரையிலிருந்து விழுந்து பிழைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக மனசு திரும்பி, இருந்ததை விற்றுவிட்டுக் குருமடத்தில் சேர்ந்தார். 1841 செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருநாள் அன்று இந்தத் தீவில் வந்து இறங்கினார். இன்று அவர் படுத்திருக்கிற இடத்தின் பெயரும் திருச்சிலுவைதான், சேந்த் குருவா.

இங்கே அடிமை முறை ஒழிந்து அப்போது ஆறே வருடம். விடுதலை ஆனார்களே ஒழிய, அவர்களை மனிதராக மதிக்க ஆளில்லை. இவர் அவர்கள் பேசுகிற கிரியோலைப் படித்து அதிலேயே ஞானோபதேசம் சொன்னார். பகலெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் பாடம் ராத்திரியில். எழுத்து தெரியாதவர்களுக்கு வாய்ப்பாடமாகச் செபங்கள். கற்றவர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதோடு அண்ணன் இன்னொன்றும் சொன்னார்: தோட்ட முதலாளிகள் எல்லாரும் அவர்களை "நீ" என்று கூப்பிட்டபோது, லாவல் "நீங்கள்" என்றார். அதற்காகவே கேலி செய்தார்களாம்.

அந்தப் பேச்சு முடிந்து கொஞ்ச தூரம் போயிருப்போம். என் செருப்பு வார் அறுந்தது. ஓரமாக உட்கார்ந்தேன். ஒரு கிரியோல் பாட்டி நின்றார். என் அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். "ஊ ஃபின் ஃபத்திகே?" என்றார். அண்ணன் காதில் சொன்னார்: "களைச்சுட்டீங்களான்னு கேக்குறாங்க. 'ஊ'ன்னா நீங்க." பையிலிருந்து காகிதத்தில் சுற்றின தோல் பூரியை (இந்த ஊர்ப் பருப்புப் பூரி) எடுத்துப் பாதியைப் பிய்த்து நீட்டினார். உள்ளே இருந்த பயறுக் குழம்பு என் மணிக்கட்டு வரை வழிந்தது. நக்கிச் சாப்பிட்டேன். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

கோயில் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு. கல்லறைமேல் அவர் படுத்திருப்பது போலவே ஓர் உருவம். வரிசையில் வந்து தொட்டு, அந்தக் கையை நெற்றியில், முழங்காலில், குழந்தையின் வயிற்றில் தடவிக்கொள்கிறார்கள். நான் கால்பக்கம் தொட்டேன். என்ன வேண்டினேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

ரோஸ் ஹில்லிலிருந்து:

நான் இங்கேயே பிறந்தவள். தமிழ் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாட்டி முருக பக்தை, தைப்பூசத்துக்குப் பால் குடம் எடுப்பவர். ஆனால் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் பேர் லாவலுக்கு (லாவல் சாமியாரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஒரு மெழுகுவர்த்தி. சேந்த் குருவா பக்கத்திலேயே நம் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலும் இருப்பது பாட்டிக்கு ரொம்ப வசதி. ஒரே பஸ் டிக்கெட்டில் இரண்டு வேலை. அங்கே கற்பூரம், இங்கே மெழுகு. "நாம கிறிஸ்தவங்க இல்லையே பாட்டி" என்று சின்ன வயசில் கேட்டேன். "அவர் டாக்டர்டி. டாக்டர்கிட்ட போறதுக்கு மதம் கேப்பாங்களா?" என்றார்.

ஒரு திருத்தம்: பலர் புனிதர் என்று எழுதுகிறார்கள். அவர் இன்னும் அருளாளர்தான், அது புனிதர் பட்டத்துக்கு முந்தின படி. 1979 ஏப்ரல் 29-இல் இரண்டாம் ஜான் பால் அந்த நிலைக்கு உயர்த்தினார். அந்தப் போப் முதன்முதலில் உயர்த்திய அருளாளர்களில் இவரும் ஒருவர். இங்குள்ளவர்கள் ரோம் சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை, அது வேறு விஷயம். 1864 செப்டம்பர் 9 இறந்தபோதே சவ ஊர்வலத்தில் ஏறத்தாழ 40,000 பேர் என்று சொல்வார்கள்.

வாக்குவாவிலிருந்து:

எல்லாரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவுக்காக ஒன்பது நாள் செபம் செய்து, எட்டாம் தேதி ராத்திரி நடந்தும் போனேன். அப்பா அக்டோபரில் போய்விட்டார். மறு வருடம் கோபத்தில் போகவில்லை. அதற்கு அடுத்த வருடம் போனேன். ஏன் என்று கேட்டால் எனக்கே பதில் இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் அப்பா மாதிரியே சட்டைக் காலரை மடித்துவிட்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கோரமண்டலிலிருந்து:

வாக்குவாக்காரருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இந்தச் செப்டம்பர் வந்தால் சேர்ந்து நடப்போம்.

இன்னொன்று. இப்போது நான்தான் லைனில் மூத்தவன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த உள்ளூர்ப் பையன் ஒருவனிடம் "ஊ" போட்டுப் பேசிப் பார்த்தேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து, இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.