வெள்ளிக்கு வெள்ளியா, பணமா? கூட்டுத் தொழில் பத்திரம் எழுதிய அனுபவங்கள்

கொலுசுப் பட்டறைக்காரர், சிவதாபுரம், சேலம்

வணக்கம். போன மாதம் என் சித்தப்பா மகனோடு புதுசாக ஒரு பார்ட்னர்ஷிப் டீடு எழுதினேன். எழுதி முடிக்க ஐந்து வாரம் ஆனது. "அண்ணா, நமக்குள்ள எதுக்குண்ணா இவ்வளவு?" என்று தம்பி ரெண்டு தடவை கேட்டுவிட்டான். அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். கூட்டுத் தொழில் செய்கிறவர்கள் உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

2016-ல் நானும் என் நண்பனும் சேர்ந்து பட்டறை போட்டோம். பதினாறு வயதில் ஒரே இடத்தில் பற்றவைப்பு வேலை கற்றவர்கள் நாங்கள். அவன் கட்டி வெள்ளி பத்து கிலோ கொண்டுவந்தான், அவன் அப்பா விட்டுப்போனது. நான் நாலு லட்சம் பணமாகப் போட்டேன். கம்பி இழுக்கிற மெஷின், இடத்துக்கு அட்வான்ஸ், ஆட்களுக்கு முன்பணம் என்று மூன்றே மாதத்தில் அது கரைந்தது. வெள்ளி அன்றைக்குக் கிலோ நாற்பதாயிரம் பக்கம். அவன் பத்து கிலோவும் என் நாலு லட்சமும் சமம், லாபம் பாதிப் பாதி. எல்லாம் வாய்ப்பேச்சுதான். செவ்வாய்ப்பேட்டையில் இன்றைக்கும் நிறைய வியாபாரம் வாய்ப்பேச்சில் நாணயமாக ஓடுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது நிறுவனத்தின் பெயரில் பான் கார்டு, கரண்ட் அக்கவுண்ட் எல்லாம் தேவைப்பட்டது. அதற்கு டீடு வேண்டும். டைப் அடிக்கிற இடத்தில் யாரோ ஒரு ஜவுளிக்கடையின் டீடு கம்ப்யூட்டரில் கிடந்தது. பெயரையும் விலாசத்தையும் மாற்றி முத்திரைத் தாளில் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு இடத்தில் "ஜவுளிச் சரக்கு" என்பது மாற்றாமலே நின்றது. நாங்கள் படித்துப் பார்த்திருந்தால்தானே தெரியும். முதல் பற்றி அதில் ஒரே வரி: "பங்குதாரர்கள் தொழிலின் தேவைக்கேற்ப அவ்வப்போது முதலீடு செய்வார்கள்." யார் எவ்வளவு போட்டார், வெள்ளியா பணமா, திரும்ப எடுத்தால் எப்படி என்று ஒரு எழுத்து இல்லை.

2025-ல் வெள்ளி கிலோ லட்சத்தைத் தாண்டியது. நண்பன் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. "நான் விலகிக்கிறேன், என் பத்து கிலோவைக் குடுத்துரு" என்றான்.

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. நம் தொழிலில் வெள்ளிக்கு எடைதான் கணக்கு. வியாபாரி கட்டி கொடுத்தால் எடை போட்டு, டச், அதாவது வெள்ளியின் சுத்தம், பார்த்து வாங்குகிறோம். கொலுசாக்கி, சேதாரம் போக, எடைக்கு எடை திருப்பித் தருகிறோம். பணம் கூலிக்கு மட்டும்தான். அவன் மனதில் அந்தப் பத்து கிலோ ஒன்பது வருஷமும் பத்து கிலோவாகவே இருந்தது. ஆனால் அவனுக்குப் பத்து லட்சம் போனால் அதே நாளில் சமமாகப் போட்ட எனக்குத் தேய்ந்த மெஷின்தானா மிச்சம்?

ஆடிட்டரிடம் போனோம். 1932-ஆம் வருஷத்து கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு மாதிரி எழுதி வைக்காத வரைக்கும், முதலாகக் கொண்டுவந்த பொருள் நிறுவனத்தின் சொத்து என்றார். கொண்டுவந்தவர் கணக்கில் அன்றைய மதிப்பு ரூபாயில் நிற்கும். பிறகு ஏறிய விலை லாபக் கணக்கில் சேர்ந்து எல்லாருக்கும் பங்காகும். கிலோ லட்சம் என்று வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். பத்து லட்சத்தில் நாலு அவன் முதல். மிச்சம் ஆறில் ஆளுக்கு மூன்று. ஆக அவனுக்கு ஏழு கிலோ.

"எங்கப்பா வெள்ளிடா அது" என்றான். அதற்கு மேல் அவன் பேசவில்லை. எட்டு கிலோ கொடுத்தேன். அவன் எடை போட்டுக்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனான். ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு ரெண்டு குடும்பமும் ஒரே வண்டியில்தான் போவோம். அந்த வருஷம் அவர்கள் தனியாகப் போனார்கள்.

தம்பியோடு எழுதியதில் வெள்ளிக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. அவன் கொண்டுவந்த ஆறு கிலோ முதலீடு அல்ல, நிறுவனம் அவனிடம் வாங்கிய கைமாற்று. இன்ன டச்சில் எடைக்கு எடை திருப்பித் தர வேண்டும். விலை ஏறினாலும் இறங்கினாலும் அது அவனுக்கே. விலகுகிறவர் மூன்று மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த மாதக் கடைசியில் இருக்கிற சரக்கு, பற்றவைக்காத உதிரி, தூசி வெள்ளி வரைக்கும் ரெண்டு பேர் முன்னால் எடை போட வேண்டும். பட்டறைப் பெயரும் மாடல் அச்சுகளும் யாரிடம் நிற்கும் என்பதையும் எழுதிவிட்டோம். அச்சு விஷயத்துக்கே ஒரு வாரம் பேசினோம்.

ஹோம்ஸ்டே நடத்துபவர், ஏற்காடு

அண்ணா, உங்க நண்பர் "எங்கப்பா வெள்ளிடா" னு சொன்ன இடத்துல நிறுத்திட்டு கொஞ்ச நேரம் கழிச்சுதான் மேல படிச்சேன்.

எங்களுது வேற மாதிரி. நான், என் கூடப் படிச்ச தோழி, அவங்க அண்ணன், மூணு பேரும் சேர்ந்து நாகலூர் ரோட்டுல ஒரு பழைய தோட்டத்து வீட்டை லீசுக்கு எடுத்தோம். தங்கறதுக்கு நாலு ரூம், கூடவே காபிக் கொட்டை வறுத்து அரைச்சு விக்கிறது. முதல் மூணு பேரும் சமமாப் போட்டோம், லாபமும் சமம். டீடுல இருந்தது அவ்வளவுதான்.

அவங்க ரெண்டு பேரும் சேலத்துல வேலைக்குப் போறவங்க, சனி ஞாயிறு மட்டும் மேல வருவாங்க. நான் இங்கயே இருக்கேன். மே மாசம் கோடை விழா சமயத்துல ரூம் ஒரு நாள் காலி இருக்காது. காலையில அஞ்சு மணிக்கு வெந்நீர்ல ஆரம்பிச்சா ராத்திரி பதினொண்ணு. அது முடிஞ்சா மழை, ஓடு ஒழுகறது. கார்த்திகை, மார்கழியில பழம் பறிக்கிற சீசன், கொட்டை வாங்கிக் காயவைக்கணும். ரெண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துட்டு, மாசம் பன்னெண்டாயிரம் சம்பளமா எடுத்துக்கறேன்னு கேட்டேன். தோழி சரின்னா. அவங்க அண்ணன் டீடை எடுத்துக் காட்டினார். அவர் சொன்னதுதான் சட்டம்னு அப்புறம் தெரிஞ்சது: எழுதி வைக்கலைன்னா, எவ்வளவு உழைச்சாலும் பார்ட்னருக்குச் சம்பளம் கேக்க உரிமை கிடையாது. டீடுல இல்லாத சம்பளத்தை வருமான வரிக் கணக்குல செலவாக் காட்டவும் முடியாது. முதலுக்கு வட்டியும் அதே மாதிரிதான், டீடுல எழுதியிருக்கணும், எழுதினாலும் 12 சதவீதம் வரைக்கும்தான் செலவா ஏத்துக்குவாங்க.

இதுக்கு நடுவுல அவர் எங்க ரெண்டு பேரையும் கேக்காம, நிறுவனத்துப் பேர்ல வறுக்கற மெஷின் ஒண்ணு கடனுக்கு ஆர்டர் பண்ணிட்டார். ரெண்டு லட்சத்து எம்பதாயிரம். மெஷின் குடுத்தவங்க போன் பண்ணது எனக்கு. "நான் கையெழுத்துப் போடலையே" ன்னேன். நீங்களும் பார்ட்னர்தானேன்னாங்க. தொழிலுக்காக ஒருத்தர் வாங்கின கடனை மூணு பேர்ல யார்கிட்ட வேணாலும் முழுசா வசூல் பண்ணலாமாம், நம்ம சொந்த நகை, வீடு உட்பட. அந்த வாரம் நான் தூங்கலை.

அப்புறம் துணைப் பத்திரம் எழுதினோம். இருபதாயிரத்துக்கு மேல எந்தச் செலவுக்கும் ரெண்டு பேர் கையெழுத்து, பேங்க்லயும் அப்படியே. மேல தங்கி நடத்தறவங்களுக்குச் சம்பளம். ஒரு வருஷம் நான் மலையை விட்டு இறங்கி, வேற யாராவது வந்து இருந்தா சம்பளம் அவங்களுக்கு. இந்தக் கடைசி வரியைச் சொன்னது தோழியோட அண்ணன்தான். அது நல்ல வரி, அதுக்கு அவருக்கு நன்றி சொல்லணும்.

தறிக்காரர் மகன், அம்மாபேட்டை

எங்கள் அப்பாவும் அவர் கூட்டாளியும் ரெண்டே பேர், எட்டு விசைத்தறி. டீடில் "பங்குதாரர் ஒருவர் இறந்தாலும் நிறுவனம் தொடர்ந்து நடைபெறும்" என்று அழகாக எழுதியிருந்தது. அந்த வரியை நம்பியே இருந்தோம். அப்பா இறந்த மூன்றாம் வாரம் பேங்கில் கரண்ட் அக்கவுண்டை நிறுத்திவிட்டார்கள்.

ரெண்டு பேரில் ஒருவர் போய்விட்டால் மிச்சம் இருப்பது ஒரே ஆள். ஒரே ஆள் கூட்டு நிறுவனமாக முடியாது. மூன்று பேராக இருந்திருந்தால் அந்த வரி எங்களைக் காப்பாற்றியிருக்கும். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அம்மாவை பங்குதாரராகச் சேர்த்துப் புது டீடு எழுதி, புதுக் கணக்கு திறக்க நாலு மாதம் ஆனது. அதுவரை சனிக்கிழமை கூலிக்கு மாமா, அப்பாவின் கூட்டாளியைத்தான் சொல்கிறேன், மனைவியின் செயினை அடகு வைத்தார். ஒரு நாள்கூட எங்களிடம் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

ரெண்டு பேர் மட்டும் உள்ள டீடில், ஒருவர் இறந்தால் அவர் பங்கை எந்தத் தேதி கணக்கில் மதிப்புப் போடுவது, எத்தனை தவணையில் குடும்பத்துக்குத் தருவது, குடும்பத்தில் யாரைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதம் என்று பெயரோடு எழுதுங்கள். கேட்கவே சங்கடமான பேச்சுதான். அப்பா உயிரோடு இருந்தபோது எங்கள் வீட்டில் அதை யாரும் எடுக்கவில்லை.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர், சேலம்

மூவரும் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் யாரும் பதிவு செய்ததாக எழுதவில்லை.

டீடு எழுதுவது வேறு, நிறுவனத்தைப் பதிவு செய்வது வேறு. முத்திரைத் தாளில் கையெழுத்திட்டு நோட்டரியிடம் சான்று வாங்கிவிட்டால் பதிவாகிவிட்டது என்று நினைத்தே பலர் என்னிடம் வந்தார்கள். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டாயம் இல்லை. ஆனால் பதியாத நிறுவனம், ஒப்பந்தப்படி வர வேண்டிய பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு. கூட்டாளிகளும் டீடில் உள்ள உரிமையைக் காட்டி ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட முடியாது, நிறுவனத்தைக் கலைக்கவும் கலைந்த நிறுவனத்தின் கணக்குக் கேட்கவும் வழி உண்டு. வெளியாள் உங்கள் மேல் வழக்குப் போட ஒரு தடையும் இல்லை.

ஜவ்வரிசி வியாபாரம் செய்த இருவர் வந்தார்கள். மகாராஷ்டிராவுக்குச் சரக்கு அனுப்பி ஆறு லட்சம் நின்றுபோயிருந்தது. பில், லாரி ரசீது எல்லாம் கையில் இருந்தது. பதிவு மட்டும் இல்லை. நல்லவேளை, வழக்குப் போடுவதற்கான மூன்று வருஷக் கெடு முடிய ஏழு மாதம் பாக்கி இருந்தது. முதலில் பதிந்து, அதன் பிறகு வழக்குப் போடச் சொன்னேன். வரிசை மாறியிருந்தால் வழக்கு நிற்காது.

பட்டறைத் தம்பிக்கு: ஐந்து வாரம் பேசி எழுதியிருக்கிறீர்கள். அதைப் பதியாமல் வைக்காதீர்கள்.

கொலுசுப் பட்டறைக்காரர்

ஐயா, திங்கட்கிழமை போகிறேன். தம்பியையும் கூட்டிக்கொண்டு.

புதுசாகக் கடை போடுகிறவர், நாலு ரோடு பக்கம்

அண்ணா, அக்கா, நானும் என் ஃப்ரெண்டும் தட்டுவடை செட் கடை போடறோம். மொத்த முதலே ஒண்ணேகால் லட்சம். இதுக்கும் டீடு வேணுமா?

ஹோம்ஸ்டே நடத்துபவர்

தம்பி, முதல்ல பத்திரம் வேண்டாம், ஒரு நோட்டு எடுங்க. எது யாருடைய பொருள், கடையில தினம் நிக்கிறவருக்கு என்ன, யாராவது வெளிநாடு போனா என்ன. இந்த மூணுக்கும் ரெண்டு பேரும் உங்க கையாலயே பதில் எழுதுங்க. அதை எடுத்துட்டுப் போய் டீடு எழுதச் சொல்லுங்க.

புதுசாகக் கடை போடுகிறவர்

நேத்து ராத்திரி உக்காந்தோம் அக்கா. தள்ளுவண்டி அவனோட மாமா குடுத்தது. அது கடனா, முதலா, சும்மா குடுத்ததான்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியலை. காலையில மாமாகிட்டயே கேக்கப் போறோம்.