எச்9சி2 செல், 33 மில்லிமோலார் குளுக்கோஸ், குவெர்செட்டின்: சேதமே தெரியவில்லை, ஏன்?

கேள்வி (வெங்காயத்தாள்):
வணக்கம். நீரிழிவில் இதயச் செல்லுக்கு வரும் சேதத்தை, வெங்காயத்தில் உள்ள ஆக்ஸிஜனேற்றத் தடுப்பியான குவெர்செட்டின் தடுக்கிறதா என்று எச்9சி2 என்ற எலி இதயச் செல்லில் பார்க்கிறேன். 96 குழித் தட்டு, குழிக்கு 5,000 செல். டிஎம்இஎம் என்ற வளர்ப்பு மீடியம், 10% சீரம். 33 மில்லிமோலார் குளுக்கோஸும் 50 மைக்ரோமோலார் குவெர்செட்டினும் சேர்த்து 48 மணி நேரம் விட்டு, உயிருள்ள செல்லின் அளவை நிறத்தால் காட்டும் எம்டிடி சோதனை செய்தேன். கண்ட்ரோலுக்கும் (எதுவும் சேர்க்காத குழிகள்) 33-க்கும் வித்தியாசமே இல்லை. குவெர்செட்டின் போட்ட குழிகளோ கண்ட்ரோலையும் தாண்டிப் போகின்றன. மூன்று தடவையும் இதேதான். எங்கே பிசகுகிறது?

பதில் (பிப்பெட்):
முதலில் மீடியம் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் என்று இருந்தால் அதுவே 25 மில்லிமோலார். எச்9சி2-வை வழக்கமாக வளர்ப்பதே அதில்தான். அப்படியானால் உங்கள் கண்ட்ரோல் செல்லே சர்க்கரையில் ஊறிக் கிடக்கிறது. 25-க்கும் 33-க்கும் நடுவில் என்ன வித்தியாசம் தெரியும்?

லிட்டருக்கு 1 கிராம் உள்ள மீடியத்துக்கு மாறுங்கள், அது சுமார் 5.5 மில்லிமோலார். செல்களை அதில் இரண்டு பாசேஜாவது (புதுத் தட்டுக்குப் பிரித்து மாற்றும் சுற்று) பழக்கிய பிறகு சோதனையைத் தொடங்குங்கள். 33 ஆக்க, 100 மில்லிக்கு 0.495 கிராம் குளுக்கோஸ் சேர்க்க வேண்டும். இன்னொரு வரிசையில் செல் தின்னாத மானிட்டால் அதே 27.5 மில்லிமோலார், 100 மில்லிக்கு 0.501 கிராம். இந்த வரிசை இல்லாவிட்டால் சேதம் குளுக்கோஸால் வந்ததா, மீடியத்தின் ஆஸ்மாட்டிக் அழுத்தத்தால் வந்ததா என்று சொல்லவே முடியாது. தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

5.5 மீடியத்தை 24 மணிக்கொரு முறை மாற்றுங்கள். 48 மணி நேரம் அப்படியே விட்டால் செல் சர்க்கரையைத் தின்று தீர்த்து, கண்ட்ரோல் பட்டினியில் வாடும். தட்டு நிரம்பவும் விடக்கூடாது. 70–80% வந்ததும் பிரித்துவிடுங்கள். நெருக்கடியானால் மயோபிளாஸ்ட்கள் (முதிராத தசைச் செல்கள்) ஒன்றோடொன்று இணைந்து மயோட்யூபாக, அதாவது தசைக் குழலாக, மாறத் தொடங்கும்.

பதில் (ஊதாக்குழி):
கண்ட்ரோலைத் தாண்டிப் போவதற்குக் காரணம் எம்டிடி. குவெர்செட்டின் தானே எலக்ட்ரான் கொடுத்து எம்டிடியை ஊதா நிற ஃபார்மசானாக்கிவிடும், அதற்குச் செல்லே தேவையில்லை. வெறும் மீடியத்தில் குவெர்செட்டினும் எம்டிடியும் போட்டு 3 மணி நேரம் 37 டிகிரியில் வைத்துப் பாருங்கள். செல் இல்லாத குழியும் ஊதாவானால் இதுவரை எடுத்த அளவுகளை நம்ப முடியாது. இனி எம்டிடி போடும் முன் பிபிஎஸ் உப்புக் கரைசலில் இரண்டு முறை கழுவுங்கள். சேதமான செல்லிலிருந்து மீடியத்துக்குள் கசிந்த எல்டிஹெச் நொதியையும் அளந்து ஒப்பிடுங்கள்.

செல்லுக்குள் உள்ள ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தை ஒளிர்வாகக் காட்டும் டிசிஎஃப் சாயத்திலும் இதே தொல்லை உண்டு. குவெர்செட்டின் குழியிலேயே இருந்தால் ஒளிர்வு குறைவது அதன் நேரடி வேலையாக இருக்கலாம், செல்லின் தற்காப்பாக இருக்க வேண்டியதில்லை. போதாததற்கு, காரத்தன்மையுள்ள மீடியத்தில் அது ஆக்ஸிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடையே உண்டாக்கும். அதனால் முன்கூட்டியே 2 மணி நேரம் குவெர்செட்டின் கொடுத்து, கழுவி, அப்புறம் குளுக்கோஸ் கொடுங்கள். அப்படிச் செய்தும் செல் பிழைத்தால்தான் காப்பாற்றியது என்று சொல்லலாம்.

வெங்காயத்தாள்:
லேபிளில் 4.5 கிராம்தான். மிக்க நன்றி. குவெர்செட்டின் டைஹைட்ரேட், மில்லிக்கு 3.02 மில்லிகிராம் என்று டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்து 10 மில்லிமோலார் ஸ்டாக் என்று வைத்திருக்கிறேன். 50 மைக்ரோமோலார் சரியான அளவுதானா?

பதில் (பிப்பெட்):
302.24 என்பது நீரற்ற குவெர்செட்டினின் மூலக்கூறு எடை. டைஹைட்ரேட்டுக்கு 338.27, ஆகவே மில்லிக்கு 3.38 மில்லிகிராம் வேண்டும். இப்போது உங்களிடம் இருப்பது சுமார் 8.9 மில்லிமோலார்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று: 10 மில்லிமோலார் ஸ்டாக்கிலிருந்து 50 மைக்ரோமோலார் எடுத்தால் டிஎம்எஸ்ஓ 0.5% ஆகிவிடும். டிஎம்எஸ்ஓவே ஹைட்ராக்சில் ரேடிக்கலைப் பிடிக்கும். 0.1%க்குள் நிறுத்தி, எல்லாக் குழிக்கும் அதே அளவு கொடுங்கள், கண்ட்ரோல் உட்பட.

1, 5, 10 மைக்ரோமோலார் என்று தொடங்குங்கள். வெங்காயம் சாப்பிட்டவர் ரத்தத்தில் தனிக் குவெர்செட்டின் அரிதாகவே இருக்கும். குடலும் ஈரலும் அதைக் குளுக்குரோனைடாகவும் சல்ஃபேட்டாகவும் மாற்றிவிடுகின்றன, அதுவும் பெரும்பாலும் 1 மைக்ரோமோலாருக்குக் கீழேதான். முடிந்தால் குவெர்செட்டின்-3-குளுக்குரோனைடையும் ஒரு வரிசையில் வையுங்கள். நீரிழிவு நோயாளிக்கு எட்டக்கூடிய வடிவம் அதுதான்.

பதில் (ஊதாக்குழி):
10 மைக்ரோமோலாரில் பாதுகாப்பு தெரிந்தால், தற்காப்பு மரபணுக்களை இயக்கும் என்ஆர்எஃப்2 புரதம் செல்லின் கருவுக்குள் போகிறதா, அது தூண்டும் ஹெச்ஓ-1 புரதம் கூடுகிறதா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பாருங்கள். பிறகு ஒரு மரபணுவை மட்டும் அடக்கும் எஸ்ஐஆர்என்ஏ கொண்டு என்ஆர்எஃப்2-வை அடக்கிவிட்டு அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். அப்போது பாதுகாப்பு மறைந்தால் வழி அதுதான் என்று எழுதலாம். ஹெச்ஓ-1 பட்டை தடித்ததை மட்டும் வைத்து எழுத வேண்டாம்.

ஸ்டாக்கைச் சிறு குழாய்களில் பிரித்து, வெளிச்சம் படாமல் மைனஸ் 20-இல் வையுங்கள். மீடியத்தில் கலந்ததை அன்றே பயன்படுத்துங்கள், பழுப்பேறியிருந்தால் கொட்டிவிடுங்கள்.