300 சொல் கதையில் இயந்திரத்தை எவ்வளவு விளக்க வேண்டும்?

செந்தூல்காரி:
வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்துக்காக எதிர்காலக் கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அளவு 300 சொல். முதலில் 540 வந்தது. நான்கு தடவை குறைத்தும் 380-இல் நிற்கிறது.

2070. ஒரு ரப்பர் தோட்டம். மரத்துக்கு ஒரு கருவி கட்டியிருக்கிறது, அதுவே பால் வெட்டும். பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பாட்டி. ஒருநாள் ஒரு மரத்தின் கருவியை மட்டும் நிறுத்திவிடுகிறார். அது அவருடைய அம்மா கடைசியாக வெட்டிய மரம் என்று கடைசி வரியில் தெரியும்.

கேமரா, பேட்டரி, சிக்னல் என்று கருவியை விளக்கவே 150 சொல் போய்விடுகிறது. எடுத்துவிட்டால் வாசகருக்குப் புரியுமா? இந்தக் கதை என் மனத்துக்கு மிக நெருக்கமானது. என் பாட்டியும் பால் வெட்டியவர்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகன்:
அந்த 150 சொல்லையும் எடுத்துவிடுங்கள், சகோதரி. கோலாலம்பூரின் கிளானா ஜெயா எல்ஆர்டி ரயில் 1998-இலிருந்து ஓட்டுநர் இல்லாமல்தான் ஓடுகிறது. ஏறும்போது யாராவது அதைப் பற்றிப் பேசுகிறோமா? என் மகன் முன் கண்ணாடியோரம் நிற்க ஓடுவான். இடம் கிடைத்ததா என்பதுதான் அவன் கவலை. உங்கள் பாட்டிக்கும் அந்தக் கருவி பழகிப்போன சாமான். அதற்குள் எறும்பு புகுந்தால் என்ன செய்வார்? அதை எழுதுங்கள், மற்றதை வாசகரே பிடித்துக்கொள்வார்.

நிபோங் திபால் பெரியவர்:
அம்மா, நான் பதினான்கு வயதில் பால் வெட்டப் போனவன். ஒரு திருத்தம். ரப்பர் மரத்தை 25, 30 வருடத்தில் சாய்த்து மறுநடவு செய்துவிடுவார்கள். அம்மா வெட்டிய மரம் பாட்டியின் காலம்வரை நிற்காது.

ஆனால் வெட்டும் விதம் மறையாது. கோடு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து இறங்கும். எல்லோருக்கும் அதே சரிவுதான், ஆனாலும் ஒவ்வொரு கைக்கும் ஒரு எழுத்து உண்டு. என் தாயாருக்கு மணிக்கட்டு வலி. அவர் போடும் கோடு கடைசியில் ஒரு நூல் அளவு இறங்கும். அவர் வெட்டிய மரத்தைக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். கருவிக்கும் யாரோ ஒருவர் கையைப் பார்த்துத்தானே வெட்டச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

செந்தூல்காரி:
ஐயா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. மரத்தை விட்டுவிட்டேன். உங்கள் தாயாரின் மணிக்கட்டை எடுத்துக்கொள்ளலாமா? இப்போது தொடக்கம் இப்படி:

"இன்னும் விடியவில்லை. கருவிக்குள் புகுந்திருந்த எறும்புகளைப் பாட்டி சீலைத் தலைப்பால் தட்டிவிட்டார். கத்தி முனகிக்கொண்டே பட்டையைச் சீவி வந்தது. கோட்டின் முடிவில் ஒரு நூல் இறங்கியது. வலிக்கும் நாளில் அம்மாவுக்கு அப்படித்தான் இறங்கும்."

விளக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் முடிவு போய்விட்டது. அம்மாவின் கை அதற்குள் இருக்கும்போது பாட்டி அதை ஏன் நிறுத்தப்போகிறார்?

நிபோங் திபால் பெரியவர்:
தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

நிறுத்த வேண்டாம், மழை பெய்யட்டும். பட்டை நனைந்திருந்தால் வெட்ட மாட்டோம். பால் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். கருவியும் வெட்டாது.

செந்தூல்காரி:
சரி ஐயா. மூன்று நாள் மழை. பாட்டி குடையோடு வந்து, பட்டை காய்ந்துவிட்டதா என்று தடவிப் பார்க்கிறார். அதோடு முடித்துவிட்டேன். 287 சொல்.