சிப்பி லார்வா தொட்டியில் நெரிசல்: மில்லிக்கு எத்தனை விடலாம்?

உவர்நீர்:
ஆயிரம் லிட்டர் தொட்டி, ஆளிச் சிப்பி லார்வா, நீர் 27 டிகிரி. டி நிலையில் (ஓடு ஆங்கில D வடிவில் இருக்கும் தொடக்க நிலை) மில்லிக்கு 15 வீதம் விட்டது. ஐந்து நாள் ஒழுங்காக வளர்ந்தது. அதற்குப் பிறகு 110 மைக்ரானைத் தாண்டவில்லை. அடியில் பஞ்சுபோலத் திரண்டு கிடக்கிறது. கூட்டம் அதிகமாயிற்றே என்று தீனிப் பாசியான ஐசோகிரைசிஸை மில்லிக்கு 30,000 செல்லிலிருந்து ஒரு லட்சமாக ஏற்றியும் பலனில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை நீர் மாற்றம். குறை தீனியிலா, இடத்திலா?

சல்லடை45:
மில்லிக்கு 15 என்றாலும் லார்வாக்களைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் வெறும் நீர்தான், ஆகவே இடம் என்று பார்க்க வேண்டாம். லார்வா வீலத்தை (மயிரிழைகள் உள்ள நீச்சல் உறுப்பு) விரித்துத்தான் நீந்தும், தின்னும். இன்னொன்று வந்து மோதினால் வீலத்தை உள்ளிழுத்து, ஓட்டை மூடிக்கொண்டு கீழிறங்கும். மூடியிருக்கும் நேரமெல்லாம் பட்டினி. அடியில் சளியும் கழிவும் சேர்ந்த இடத்தில் விழுந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சொல்லும் பஞ்சு அதுதான்.

தீனியை ஏற்றியதுதான் பெரிய தவறு. உங்கள் பாசி வளர்ப்பில் மில்லிக்கு 50 லட்சம் செல் இருந்தால், இந்தத் தொட்டியில் ஒரு லட்சம் ஆக்க 20 லிட்டர் பாசி ஊற்ற வேண்டும். பாசியோடு அந்த 20 லிட்டரில் உள்ள பாக்டீரியாவும் உள்ளே போகிறது. மிஞ்சிய செல் அடியில் படிந்து அழுகும், லார்வாவைக் கொல்லும் விப்ரியோ பாக்டீரியாவுக்கு விருந்து. அடுத்த வேளைக்கு முன் மிச்சத்தை ஹீமோசைட்டோமீட்டரில் (நுண்ணோக்கியில் செல் எண்ண உதவும் கட்டமிட்ட கண்ணாடி) எண்ணுங்கள். போட்டதில் பாதிக்கு மேல் நின்றால் அந்த வேளை போடாதீர்கள். ஐசோகிரைசிஸோடு கீட்டோசெரஸ் கேல்சிட்ரன்ஸ் என்ற பாசியும் கலந்து, நாளுக்கு இரண்டு தவணையாகக் கொடுப்பது நல்லது.

அம்போ:
எண்ணிக்கையைக் குறைக்காமல் மற்றது எதுவும் நிற்காது. கண்புள்ளி வந்த கடைசி நிலை லார்வா, டி நிலையில் தின்றதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் தின்னும். முதல் நாள் வைத்த கூட்டம் கடைசிவரை அப்படியே இருந்தால், தேங்கிய நீரில் அவ்வளவு பாசியைப் போடவே முடியாது. பொதுவாக டி நிலையில் மில்லிக்கு 10 வரை, 110 முதல் 150 மைக்ரான் வரை 4 அல்லது 5, 200 தாண்டினால் 2, கண்புள்ளி வந்தபின் 1 முதல் 2.

நீர் மாற்றும்போதே கூட்டத்தைக் குறைத்துவிடலாம். 80 மைக்ரான் சல்லடையை மேலேயும் 45-ஐக் கீழேயும் வைத்து, இரண்டும் நீரில் பாதி மூழ்கியிருக்க வடியுங்கள். வறண்ட சல்லடையில் விழுந்தால் ஓடு நொறுங்கும். 80-இன் கண்ணி மூலைவிட்டம் 113 மைக்ரான், ஆகவே அதில் தங்குவது வளர்ந்த கூட்டம். அதை 10 லிட்டர் வாளியில் எடுத்து, துளைத்தட்டால் மேலும் கீழும் கலக்குங்கள். சுழற்றினால் லார்வா நடுவில் குவிந்து எண்ணிக்கை தவறும். 0.1 மில்லி வீதம் மூன்று மாதிரி: சராசரி 80 வந்தால் மில்லிக்கு 800, வாளியில் 80 லட்சம். ஆயிரம் லிட்டருக்கு அது மில்லிக்கு 8, பாதியை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். 45-இல் தங்கியதில் குடல் நிறமற்று இருப்பதைக் கொட்டிவிடலாம். மனம் வராது, ஆனால் பின்தங்கியது அரிதாகத்தான் எட்டிப்பிடிக்கும்.

அலைவாய்:
தேங்கிய நீருக்கு இந்தக் கணக்கு சரி. நீர் ஓடிக்கொண்டே இருக்க, தீனியும் துளித்துளியாக வந்தால் மில்லிக்கு 100-ஐத் தாண்டியும் வளர்க்கலாம். நியூசிலாந்தின் காத்ரான் நிலையத்தில் பச்சை ஓட்டு மட்டிக்குச் சிறு தொட்டிகளில் செய்திருக்கிறார்கள். கழிவு தங்காததுதான் காரணம். ஆனால் வெளியேறும் வழியின் சல்லடை ஒருமுறை அடைத்தாலே தொட்டி வழிந்து எல்லாம் போய்விடும். ஓட்டத்துக்கு ஆள் காவல் இல்லாத இடத்தில் தொட வேண்டாம்.

உவர்நீர்:
அடியில் திரண்டதைப் பிரித்து மறுபடி விடலாமா?

சல்லடை45:
வேண்டாம். ஒரு துளியை நுண்ணோக்கியில் பாருங்கள். வெறும் ஓட்டுக்குள் சிலியேட்டுகள் (மயிரிழைகளால் நீந்தும் ஒற்றைச்செல் உயிரிகள்) சுற்றினால் அங்கே சாவு தொடங்கிவிட்டது. அவை சாவுக்குக் காரணமல்ல, பின்னால் வந்தவை. காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டு, மேலே நீந்தும் பகுதியை மட்டும் முதலில் வடியுங்கள். அடியில் உள்ளதைத் தனியாக உறிஞ்சி வெளியேற்றி, தொட்டியைக் குளோரினில் கழுவி, நன்றாக அலசிக் காயவிட்ட பிறகு நிரப்புங்கள். அந்தச் சல்லடையையும் வாளியையும் அடுத்த தொட்டிக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள்.