சோடியம் தானே சின்னது, அப்புறம் ஏன் பொட்டாசியம் சேனல்ல போகமாட்டேங்குது?

நீலவானம்:
எல்லாருக்கும் வணக்கம். செல் சவ்வு பாடம் ரெண்டு நாளா படிச்சிட்டிருக்கேன், ஒரே இடத்துல மாட்டிக்கிட்டேன். பாஸ்போலிப்பிட்ங்கிற கொழுப்பு மூலக்கூறு ரெண்டு அடுக்கா நிக்கும், தலை தண்ணிப் பக்கம், வால் எல்லாம் உள்பக்கம், நடுவுல எண்ணெய் மாதிரி ஒரு பகுதி, அதுவரைக்கும் ஓகே. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் அது வழியாவே போயிடும், அயனிக்கு மட்டும் புரோட்டீன் சேனல் வேணும், அதுவும் புரியுது. ஆனா பொட்டாசியம் சேனல்ல பொட்டாசியம் தாராளமா போகுதாம், சோடியம் கிட்டத்தட்ட போறதே இல்லையாம். சோடியம் அயனி அதைவிட சின்னது தானே? பெரிய ஆள் நுழையுற வாசல்ல சின்னப் பையன் நுழைய முடியாதா? சார்ஜும் ரெண்டுக்கும் பிளஸ் ஒண்ணு தான். யாராவது கொஞ்சம் விளக்குங்க, காரணம் தெரியாம மனப்பாடம் பண்ண மனசு வரல.

கரையோரம்:
தண்ணியில அயனி தனியா இருக்காதுங்க, சுத்தி தண்ணி மூலக்கூறு ஒட்டிக்கிட்டிருக்கும். சின்ன அயனின்னா அந்த சார்ஜ் சின்ன இடத்துல நெருக்கமா இருக்கு, அதனால தண்ணிய இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அப்போ தண்ணியோட சேர்த்துப் பாத்தா சோடியம் தான் பெரிசு, அதான் நுழைய முடியல.

மழைத்துளி:
கரையோரம் சொன்னதுல முதல் பாதி ரொம்ப சரி, ஆனா முடிவுல ஒரு சின்ன திருத்தம். பொட்டாசியமும் தண்ணியப் போத்திக்கிட்டு அந்த சேனலோட குறுகின இடத்துக்குள்ள போக முடியாது. ரெண்டுமே தண்ணிய கழட்டிட்டுத் தான் போகணும், அங்க தான் விஷயமே இருக்கு.

தண்ணிய கழட்டுறதுக்கு நிறைய எனர்ஜி வேணும், சும்மா கழட்டாது. அந்தக் குறுகின இடத்தை ஃபில்டர்னு சொல்வாங்க, நீளம் சுமார் 1.2 நானோமீட்டர் தான். அதோட சுவர்ல புரோட்டீனோட ஆக்சிஜன் அணுக்கள் உள்பக்கமா பாத்து வரிசையா நிக்குது. பொட்டாசியம் உள்ள வந்ததும் சுத்தி எட்டு ஆக்சிஜன், தண்ணியில இருந்தப்போ எவ்வளவு தூரத்துல ஆக்சிஜன் இருந்துச்சோ கிட்டத்தட்ட அதே தூரத்துல. அதனால தண்ணிய விட்டதே தெரியாத மாதிரி அதுக்கு நஷ்டம் ஈடாயிடுது. சோடியத்தோட ஆரம் 0.95 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம்னா நானோமீட்டர்ல பத்துல ஒரு பங்கு), பொட்டாசியம் 1.33. சின்னதா இருக்கிறதால சோடியத்துக்கு அந்த ஆக்சிஜன் எல்லாம் எட்டாத தூரத்துல நிக்குது, தண்ணிய விட்டதுக்கு சரியான ஈடு கிடைக்கல, அதனால அது தண்ணியோடவே வெளியில இருந்துடுது. நுழைய முடியாம இல்ல, நுழைஞ்சா நஷ்டம்.

1998ல ராடெரிக் மெக்கின்னன் குழு ஒரு பாக்டீரியாவோட பொட்டாசியம் சேனலை படிகமாக்கி எக்ஸ்ரே வச்சு பாத்து தான் இது கண்ணுக்குத் தெரிஞ்சுது, 2003ல அவருக்கு நோபல். தண்ணிக்குன்னே இருக்கிற அக்வாபோரின் சேனலை கண்டுபிடிச்ச பீட்டர் ஆக்ருக்கும் அதே பரிசுல பங்கு. இவ்வளவு கறாரா ஆள் பாத்து விட்டும் வினாடிக்கு 10 கோடி அயனி வரைக்கும் போகுது, எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு இது சிலிர்க்கும்.

தூரத்து_இடி:
மழைத்துளி அருமையா சொன்னீங்க. ஒண்ணே ஒண்ணு சேர்க்குறேன், புரோட்டீன் கல்லு மாதிரி அசையாம நிக்காது. அந்த ஆக்சிஜன் அணுக்கள் நடுங்கிட்டே இருக்கும், அந்த ஆட்டமே ரெண்டு அயனிக்கும் உள்ள 0.38 ஆங்ஸ்ட்ராம் வித்தியாசத்தைவிட அதிகம்னு கம்ப்யூட்டர் சிமுலேஷன்ல பாத்திருக்காங்க. அதனால அளவு எடுத்து தச்ச சட்டை மாதிரின்னு மட்டும் நினைக்காதீங்க. ஆக்சிஜன்கள் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கும், சோடியத்தை சுத்தி நெருங்கி வர அந்தத் தள்ளலே விடாது, இதுவும் ஒரு காரணம்.

நீலவானம்:
ஐயோ ரொம்ப நன்றி, ஓட்டைன்னு நினைச்சது தான் என் தப்பு, அது கொடுக்கல் வாங்கல் கணக்கு. இன்னும் ஒண்ணு கேட்டுக்கிறேன். பொட்டாசியம் செல்லுக்குள்ள அதிகம், சேனலும் இருக்கு, அப்போ வினாடிக்கு இத்தனை கோடி வெளியே போனா கொஞ்ச நேரத்துல உள்ளே காலியாகிடாதா? சவ்வுல பம்ப்னு இன்னொரு புரோட்டீன் திருப்பி உள்ள தள்ளுதுன்னு படிச்சேன், அதால அவ்வளவு வேகமா தள்ள முடியுமா?

மழைத்துளி:
நல்ல கேள்விங்க, பம்பால முடியவே முடியாது, அது வினாடிக்கு சில நூறு அயனி தான். காலியாகாம தடுக்கிறது மின்னழுத்தம். கொஞ்சமே கொஞ்சம் பொட்டாசியம் வெளியே போனாலே உள்பக்கம் நெகட்டிவ் ஆயிடும், அந்த நெகட்டிவ் மிச்சத்தை பிடிச்சு இழுத்து வச்சுக்கும். நரம்பு செல்லுல சுமார் 70 மில்லிவோல்ட், கேட்க சின்னதா தெரியும், ஆனா சவ்வோட தடிமன் 5 நானோமீட்டர் அளவு தான், வகுத்துப் பாருங்க, மீட்டருக்கு 1.4 கோடி வோல்ட் வருது.

கரையோரம்:
திருத்தினதுக்கு நன்றி மழைத்துளி, நானும் இத்தனை நாளா தண்ணியோட சேர்ந்த சைஸ்னு தான் சொல்லிட்டிருந்தேன். அப்போ பம்ப் எதுக்குன்னு நீலவானம் கேட்கிறதுக்கு முன்னாடி நானே கேட்டுடுறேன்.

தூரத்து_இடி:
சோடியம் மெதுவா உள்ள கசிஞ்சுக்கிட்டே தான் இருக்கும், வேற வழியிலயும் வரும், உதாரணமா குடல்ல குளுக்கோஸை உள்ள இழுத்துட்டு வர்றதே சோடியம் தான். அதை வெளியே தள்ளுறது பம்ப், ஒரு ஏடிபிக்கு (செல்லுக்கு எனர்ஜி குடுக்கிற மூலக்கூறு) மூணு சோடியம் வெளியே, ரெண்டு பொட்டாசியம் உள்ளே. யென்ஸ் ஸ்கூ 1957ல நண்டோட நரம்புல கண்டுபிடிச்சது. பம்ப் நின்னா பொட்டாசியம் உடனே காலியாகாது, ஆனா சோடியம் உள்ள சேரும், நெகட்டிவ் குறையும், குளோரைடும் பின்னாடியே வரும், அதுங்க கூட தண்ணி வரும், செல் ஊதிக்கிட்டே போகும். ரத்த ஓட்டம் நின்னுபோன திசுவுல ஏடிபி தீர்ந்ததும் செல்லுங்க வீங்குறது இதனால தான்.