புது சரித்திரக் காதல் நாவல்கள்: மனசுக்கு இதமா இருந்தா போதுமா?

கொள்ளிடக்கரை:
பொன்னியின் செல்வன் படம் 2022லயும் 2023லயும் ரெண்டு பாகமா வந்த பிறகு, சோழர் காலக் காதல் கதைகள் இணையத்துல தொடரா, கிண்டில்ல, அச்சுலன்னு வந்துட்டே இருக்கு. நடை நல்லாத்தான் இருக்கு, முடிவும் சுபம். சமையலறைக்குள்ள போனாத்தான் கதை உடையுது. ராஜராஜனோட அண்ணன் ஆதித்த கரிகாலன் காலத்து நாயகி மிளகாய் அரைக்கிறா! மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூணும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசியர் 1498ல கள்ளிக்கோட்டையில இறங்கின பிறகுதான் இந்தப் பக்கம் தலைகாட்டுச்சு. தஞ்சைக் கல்வெட்டுலயே படையல் சாமான் பட்டியல் இருக்கு: பருப்பு, நெய், மிளகு, கடுகு, சீரகம், புளி, தயிர், வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு. ஒரு விருந்துக் காட்சிக்கு இது தாராளம். இதுல இன்னொரு கூத்து, காதலர்கள் சந்திக்கிற இடம் பெரிய கோயில் நந்தி மண்டபம். ராஜராஜன் பட்டத்துக்கு வந்ததே 985ல. விமானத்துல கலசம் ஏறினது 1010ல. கரிகாலன் காலத்துல அந்தக் கோயிலே இல்லை. இப்ப இருக்கிற பெரிய நந்தி நாயக்கர் காலத்தது.

மல்லிப்பூ:
சகோ, மிளகாயை மிளகுன்னு மாத்த ஒரு நிமிஷம் போதும். அதுக்காக நாவலையே தள்ளிடுவீங்களா? இந்தக் கதைகளைத் தேடி வர்றவங்கள்ல நிறைய பேர் ஆன்டி ஹீரோ கதைகள்ல இருந்து தப்பிச்சு வந்தவங்க. அங்க நாயகன் அறைவான், கட்டாயத் தாலி கட்டுவான், நாற்பதாவது யூடியில (இணையத் தொடரோட ஒரு பகுதி) "அவ்வளவு காதல்"னு ஒரே வரியில எல்லாம் சரியாயிடும். இங்க நாயகன் கேட்டுட்டுத்தான் கையைப் பிடிக்கிறான். அந்த நிம்மதிக்கு முன்னாடி உங்க தக்காளி பெருசா தெரியல.

எழுத்தாணி:
மிளகாய் விஷயத்துல மல்லிப்பூ சொல்றதுதான் சரி, அது மேல்பூச்சுத் தப்பு. பயணத் தப்பு அப்படி இல்லை, கதையோட எலும்பையே முறிக்கும். காஞ்சியில அந்தி சாயும்போது குதிரை ஏறின நாயகன் விடியறதுக்குள்ள தஞ்சாவூர்ல மாளிகை உப்பரிகை ஏறுறான். நடுவுல 250 கிலோமீட்டருக்கு மேல கிடக்கு. ஒரே குதிரையில நாள் கணக்கா போறதுன்னா நாளுக்கு 50, 60 கிலோமீட்டர்தான். மாத்துக் குதிரை வச்சிருந்தாலும் ஆறு விடாது: பாலாறு, பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி. கதை நடக்கிறது ஐப்பசின்னு ஆசிரியரே எழுதியிருந்தா, முதல் நாலும் மழைத் தண்ணியில பெருகி ஓடுற காலம். ஓடக்காரன் ஓடத்தை அவிழ்க்கவே மாட்டான். அந்த நாலஞ்சு நாள் தாமதத்தை விட்டுட்டா, ஓலை வரலையேன்னு அவ காத்திருக்கிற காட்சியும் சேர்ந்து போயிடுது. காதல் கதைக்கு அதைவிட என்ன வேணும்?

பாண்டிநாட்டான்:
நீங்க ஒரு பக்கம்னா, ஆராய்ச்சி முத்திப்போன கோஷ்டி இன்னொரு பக்கம். குளக்கரையில உட்கார்ந்து நாயகன் நாயகிகிட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுல வர்ற குடவோலை முறையை, அதாவது குடத்துல ஓலைச்சீட்டுப் போட்டு ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கிறதை, பாடம் எடுக்கிறான். 30 குடும்பு (ஊரோட வார்டு மாதிரி), வயசு 35லேருந்து 70, கால் வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) மேல நிலம், சொந்த மனையில வீடு. அவ "அப்படியா!"ன்னு கண்ணை விரிக்கிறா. போட்டித் தேர்வுக் குறிப்பைக் காதல் வசனம்னு நம்மகிட்ட தள்ளிவிடுறாங்க.

எழுத்தாணி:
தகவல் தப்பில்லை, எடுத்த இடம்தான் தப்பு. அதே உத்திரமேரூர்க் கல்வெட்டுல, முதலாம் பராந்தகன் காலத்துது, 921, கீழ இன்னொரு விதி இருக்கு. வாரியத்துல (சபையோட குழு) உறுப்பினரா இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி ஓலையில பேர் எழுதத் தகுதி இல்லாதவன். அவனோட அப்பன், பிள்ளை, மாமனார், மச்சினன், மருமகன் யாருக்கும் தகுதி கிடையாது. இப்ப கதையைப் பாருங்க. கணக்குக் காட்டாத ஒருத்தரோட பொண்ணைக் கட்டிக்கிட்டா மாப்பிள்ளைக்குச் சபை வாசல் அடைச்சாச்சு. தாலி கட்டுறதுக்கு முன்னாடி அந்தக் கணக்கு ஓலை கிடைக்கணும். கிடைச்சா சுபம், கிடைக்கலைன்னா அவன் எதை விடுறான்னு பார்க்கணும். வில்லனே தேவையில்லை. (அது வேதம் ஓதின பிராமணர் சபைங்கிறதை மறைச்சுட்டு "அன்றே ஜனநாயகம்"னு ஒரு அத்தியாயம் முழங்காம இருந்தா இன்னும் நல்லது.)

மல்லிப்பூ:
கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு விதியைக் கட்டி நாயகியை நடுவுல நிறுத்தினா அவ அழுதுட்டேதான் இருப்பா. வாசகி பத்தாவது எபிசோடுலயே மூடிடுவா. பொன்னியின் செல்வன்ல கல்கி நந்தினியைக் கற்பனையாத்தானே படைச்சார்? அவருக்கு ஒரு சட்டம், இவங்களுக்கு ஒரு சட்டமா?

கொள்ளிடக்கரை:
சட்டம் ஒண்ணுதான். கரிகாலன் கொலையைப் பத்தி உடையார்குடிக் கல்வெட்டு சொல்றது கொஞ்சம்: துரோகிகளா ரவிதாசன், அவன் சகோதரர்கள் பேரு, அவங்க உறவுக்காரங்க நிலத்தை ராஜராஜன் ஆட்சியோட 2ஆம் ஆண்டுல பறிச்சது. ஏன் கொன்னாங்கன்னு அதுல இல்லை. அந்தக் காலி இடத்துலதான் கல்கி நந்தினியை உட்கார வச்சார். குந்தவை, வந்தியத்தேவன் ஜோடியும் அப்படித்தான். வந்தியத்தேவரோட தேவின்னே தஞ்சைக் கல்வெட்டு குந்தவையைச் சொல்லுது. எப்படிச் சேர்ந்தாங்கன்னு சொல்லலை, அதைக் கல்கி எழுதினார். இப்ப சில புது நாவல்கள்ல கரிகாலன் சாகவே இல்லை, மாறுவேஷத்துல தப்பிச்சுக் கல்யாணம் பண்ணிக்கிறான். இது காலி இடத்துல கட்டின வீடு இல்லை, ஆள் குடியிருக்கிற வீட்டை இடிச்சுட்டுக் கட்டினது.

மல்லிப்பூ:
சரி, ராஜா வீட்டையே விட்டுடலாம். ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கொண்டுவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில்ல ஆடுற பெண்கள்) பேரும் கல்வெட்டுல இருக்கு. எந்தச் சிறகு (தெருவோட பக்கம்), வரிசையில எத்தனாவது வீடு, எந்தக் கோயில்லேருந்து வந்தவ, பேரு. ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். ஒருத்தி செத்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவளுக்கு அடுத்த முறைக்காரங்க அந்தப் பங்கை வாங்கிட்டு வேலையைச் செய்யணும். பக்கத்து வீட்டுக்காரி வேற ஊர், வேற கோயில். இந்தத் தெருவுல ஒரு இதமான காதல் கதை எழுத முடியாதா? ஆனா ஆடுற பொண்ணுன்னா ஒண்ணு தியாகி, இல்லைன்னா மயக்குறவ. உங்க ஆராய்ச்சிக் கோஷ்டியும் அப்படித்தான் எழுதுது.

எழுத்தாணி:
இதுக்கு மறுப்பு சொல்ல ஒண்ணுமில்லை. அவ கையில நெல்லு இருக்கு, வீடு இருக்கு. ஊரை விட்டு அவனோட போனா பங்கு போயிடும். அவன் தஞ்சாவூருக்கு வந்தா அவனோட நிலத்தை யார் பார்ப்பா? சிக்கல் அங்க இருக்கு, அழ வேண்டிய அவசியமே இல்லை.

பாண்டிநாட்டான்:
எழுதினாலும் புத்தகமாக்கும்போது கெடுத்துடுவாங்க. தொடர்ல ஒவ்வொரு எபியும் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு வார்த்தை. கடைசி வரியில ஒரு திடுக், அடுத்ததுல முதல் பத்தி முன்கதை. அப்படியே அச்சுல போட்டா பத்து பக்கத்துக்கு ஒரு தடவை கதவு தட்டுற சத்தம், திறந்தா அவ அத்தை. மூணு எபியைச் சேர்த்து ஒரு அத்தியாயமாக்கி, முன்கதையை வெட்டி, திடுக்கல்ல ரெண்டை எடுத்தா நூறு பக்கம் குறையும்.

மல்லிப்பூ:
நூறு பக்கம் குறைஞ்சா விலையையும் குறைக்கச் சொல்லுங்க. அப்புறம் கரிகாலனைப் பொழைக்க வைக்கிறதை நான் இன்னும் விட்டுக்கொடுக்கல. முன்பக்கத்துலயே "இது மாற்று வரலாறு"ன்னு ஒரு வரி போட்டுட்டா யாருக்கு என்ன நஷ்டம்?

கொள்ளிடக்கரை:
அந்த வரியைப் போடுங்க, நான் வாயைத் திறக்கமாட்டேன். இப்ப பின்னட்டையில "கல்வெட்டு ஆதாரங்களுடன்"னு போட்டிருக்காங்களே, அதை முதல்ல எடுக்கச் சொல்லுங்க.